உயரம் வேறு, விறைப்பு வேறு, அடக்கம் வேறு: பழைய காரின் சஸ்பென்ஷன் பற்றி

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்பாசமுத்திரத்திலிருந்து சொந்தக்காரத் தம்பி ஒருவன் தன் அப்பாவின் அம்பாசடரைப் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். 1986 மாடல், மார்க் 4, பெட்ரோல் வண்டி. அப்பா போன பிறகு மூன்று வருஷம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. பெயின்ட் அடித்து, சீட் தைத்து, ஆசை ஆசையாக வெளியே எடுத்திருந்தான்.

“அண்ணாச்சி, பின்னாடி தொங்கிப்போய்க் கெடந்துச்சு. தடியாப் பட்டை ஒண்ணு கூட வச்சுக் கட்டுனேன், நிமிந்துட்டு. ஆனா அம்மா ஏற மாட்டேங்கா. முதுகு வலிக்குங்கா. தென்காசிக்குக்கூட பஸ்லதான் போறா. ஷாக்கையும் நல்லா கட்டியாப் பாத்துப் போட்டுட்டா சரியாயிரும்லா?”

சரியாகாது, இன்னும் மோசமாகும் என்றேன். ஏன் என்று அன்று திண்ணையில் உட்கார்ந்து அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அவன் ஒருவன் மட்டும் இப்படிக் கேட்கவில்லை. பழைய வண்டி வைத்திருக்கும் பாதிப் பேர் இதே கேள்வியோடுதான் பட்டறைக்குப் போகிறார்கள், பட்டறையிலும் “டைட் பண்ணிரலாம்” என்றுதான் பதில் வருகிறது.

‘சஸ்பென்ஷன்’ என்கிற ஒரே சொல்லுக்குள் மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறோம். வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது ஒன்று. எடை ஏறினால் எவ்வளவு அமுங்குகிறது என்பது இன்னொன்று. அமுங்கிய வண்டி எவ்வளவு சீக்கிரம் ஆட்டத்தை நிறுத்துகிறது என்பது மூன்றாவது. உயரம், விறைப்பு, அடக்கம். ஒன்றில் கோளாறு இருக்கும்போது இன்னொன்றில் கைவைத்தால் காசும் போகும், முதுகும் போகும்.

தேரும் வில்வண்டியும்

ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் ரத வீதியில் வரும்போது சக்கரத்தைப் பார்க்காமல் உச்சியைப் பாருங்கள். கீழே சக்கரம் ஒரு சின்ன மேட்டில் ஏறி இறங்கினால் போதும், மேலே கலசம் வெடுக்கென்று அசையும். சக்கரத்துக்கும் தேருக்கும் நடுவே மெத்தை எதுவும் கிடையாது. தரை என்ன செய்கிறதோ அதைத் தேரும் செய்யும். வைக்கோலும் நெல்லும் ஏற்றுகிற கட்டை வண்டியும் அப்படித்தான்.

வசதியான வீடுகளில் அந்தக் காலத்தில் வில்வண்டி வைத்திருந்தார்கள். அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்த வண்டி அது. சக்கரம் கல்லில் ஏறினால் முதலில் அந்த வில் அமுங்கும், கூண்டுக்குள் இருப்பவருக்குப் பாதி அதிர்ச்சிதான் வந்து சேரும். ஸ்பிரிங்குக்குத் தமிழில் வில் என்ற பேர் அங்கேயே இருக்கிறது. அம்பாசடரின் பின்பக்கம் குனிந்து பார்த்தால் தெரிவது அதே வில்வண்டியின் வில்தான். நம்ம பட்டறைகளில் அதைக் கமான் பட்டை என்பார்கள்.

ஆனால் வில்வண்டியில் இருந்து இறங்கினவர்களைக் கேட்டால் இன்னொன்றும் சொல்வார்கள்: ஒரு பள்ளத்தில் விழுந்தால் அப்புறம் பத்தடி தூரத்துக்கு வண்டி ஊஞ்சலாடிக்கொண்டே போகும். வில் அடியை வாங்கிக்கொள்ளும். வாங்கியதைச் செரிக்காது, திருப்பித் தள்ளும். அதை அடக்கத்தான் ஷாக் அப்சர்பர் வந்தது. ஷாக் என்றே சொல்வோம். அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங்காக இருக்க, அடக்குகிற உறுப்புக்கு ‘அதிர்ச்சி வாங்கி’ என்று பேர் வைத்ததில்தான் பாதிக் குழப்பம் தொடங்கியது என்பது என் எண்ணம்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: ஸ்பிரிங் எடையைத் தாங்கும், ஷாக் ஆட்டத்தை அடக்கும். ஷாக் வண்டியின் எடையைத் தாங்குவதில்லை. பின்பக்கம் தொங்கினால் ஷாக்கை மாற்றிப் பயன் இல்லை.

விறைப்பு என்றால் என்ன

தம்பியின் வண்டியில் ஒரு சின்ன அளவு எடுத்தோம். இதை யாரும் வீட்டிலேயே செய்யலாம். 25 கிலோ அரிசி மூட்டை நாலு, ஒரு அளவு டேப், அவ்வளவு போதும். பின் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை முதலில் அளந்துகொண்டோம். நாலு மூட்டைகளையும் பின் சீட்டில் வைத்து, வண்டியைக் கையால் நாலு தடவை ஆட்டிவிட்டு மறுபடி அளந்தோம். ஆட்டிவிடுவது முக்கியம். துருப்பிடித்த பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாதியில் நின்றுவிடும். 24 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. பிறகு அந்தக் கூடுதல் பட்டையைக் கழற்றிவிட்டு, இருந்த பட்டைகளைச் சுத்தம் செய்து கட்டிய பின் அதே மூட்டைகளுக்கு 30 மில்லிமீட்டர் இறங்கியது. அதாவது ஒரே ஒரு பட்டை, ஸ்பிரிங்கைக் கால் பங்கு விறைப்பாக்கியிருந்தது. எடைக்கும் இறக்கத்துக்கும் உள்ள இந்தக் கணக்குத்தான் விறைப்பு.

விறைப்பு ஏறினால் அம்மாவின் முதுகு ஏன் வலிக்க வேண்டும்? தொட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். நிதானமாக ஆட்டினால் பிள்ளை தூங்கும். வெடுக் வெடுக்கென்று ஆட்டினால் வீறிட்டு அழும். ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் காருக்கும் இப்படி ஒரு சொந்தத் தாளம் உண்டு. ஒரு நொடிக்கு எத்தனை தடவை மேலும் கீழும் ஆட விரும்புகிறது என்பதே அந்தத் தாளம். வசதியான கார்களில் இது நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை ஆட்டம் வரை இருக்கும். நாம் நடக்கும்போது உடம்பு ஏறி இறங்குகிற வேகத்திலிருந்து அது அதிக தூரத்தில் இல்லை, அதனால் உடம்புக்குப் பழகினது போல இருக்கும். நொடிக்கு அரை ஆட்டத்துக்கும் கீழே போனால் கப்பலில் போவதுபோல் குமட்டும். மேலே போகப் போக வேறு தொல்லை. நொடிக்கு 4 முதல் 8 வரையான மேல்கீழ் அதிர்வுதான் உட்கார்ந்திருக்கும் மனித உடம்புக்கு ஆகவே ஆகாதது. வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளும் முதுகெலும்பும் அந்தத் தாளத்தில் சேர்ந்து ஆடத் தொடங்கிவிடும்.

விறைப்பு நாலு மடங்கு ஆனால் தாளம் இரண்டு மடங்காகும். எடை கூடினால் தாளம் குறையும். டாக்சிக்காரர்கள் “அஞ்சு பேர் ஏறினாத்தான் வண்டி நல்லாப் போகும்” என்று சொல்வது இதனால்தான். பின்பக்கம் பட்டை சேர்த்த வண்டியில் ஆள் ஏறினால் மட்டுமே தாளம் சரியான இடத்துக்கு வரும். தம்பியின் அம்மா ஒருவர்தான் பின் சீட்டில், எடை ஐம்பது கிலோ.

அப்படியானால் தொங்கிப்போன பின்பக்கத்துக்கு என்ன வழி

உயரமும் விறைப்பும் பிரிகிற இடம் இதுதான். பழைய பட்டை தொங்குவது பெரும்பாலும் அதன் வளைவு போய்விட்டதால். இரும்பு வருஷக்கணக்கில் எடை தாங்கி, மெல்ல மெல்ல நிமிர்ந்துவிடுகிறது. பட்டையின் தடிமன் அப்படியே இருப்பதால் விறைப்பு அநேகமாகப் பழையபடிதான் இருக்கும். எனவே தேவைப்படுவது பழைய வளைவுதான், கூடுதல் பட்டை இல்லை. நல்ல ஸ்பிரிங் பட்டறையில் பட்டை அடுக்கைப் பிரித்து, ஒவ்வொரு பட்டையாக வளைவு கொடுத்து மறுபடி அடுக்கித் தருவார்கள். பட்டையில் கீறலோ வெடிப்போ இருந்தால் அதே தடிமன், அதே எண்ணிக்கையில் புதுச் செட் போட்டுவிடுவது நல்லது.

தடிமன் விஷயத்தில் கவனம் வேண்டும். பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக் கணக்கில் ஏறும். 5 மில்லிமீட்டர் பட்டை இருந்த இடத்தில் 6 மில்லிமீட்டர் வைத்தால், அந்தப் பட்டையின் விறைப்பு 70 சதவீதத்துக்கும் மேல் கூடிவிடும். கையில் பிடித்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. அப்புறம், ஸ்பிரிங் எதுவாக இருந்தாலும் அதன்மேல் கேஸ் நெருப்பைக் காட்டி வளைக்கவோ இறக்கவோ விடாதீர்கள். பக்குவமாகச் சூடேற்றிக் குளிரவைத்து ஏற்றிய உரம் அந்த நெருப்பில் போய்விடும். பிறகு அது வெறும் இரும்பு.

பட்டைகளுக்கு நடுவில் இருக்கும் துருவும் ஒரு வகையில் பூட்டுத்தான். சின்னக் குண்டும் குழியும் அந்தத் துருவின் பிடிமானத்தை அசைக்கப் போதாது. வில் அமுங்கவே அமுங்காது, வண்டி டயர்மேல் மட்டும் துள்ளும். தம்பியின் வண்டியில் பட்டைகளைப் பிரித்தபோது செம்மண்ணும் துருவும் கலந்து பாறை மாதிரி இருந்தது. கம்பித் தூரிகையால் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் தடவி அடுக்கிய பிறகு, எந்தப் புதுச் சாமானும் போடாமலே, வண்டி மிருதுவானது.

முன்பக்கம்: முறுக்குக் கம்பி

அம்பாசடரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்கைத் தேடினால் கிடைக்காது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 வண்டியிலிருந்து வந்த அமைப்பு அது. வண்டியின் நீளவாக்கில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எஃகுக் கம்பிகள் ஓடும். கம்பியின் முன்முனை சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையோடும், பின்முனை வண்டியின் அடிச் சட்டத்தோடும் பிணைந்திருக்கும். சக்கரம் மேலே ஏறினால் கம்பி முறுக்கிக்கொள்ளும். ஈரத் துணியைப் பிழியும்போது துணி கையை எதிர்த்துத் திரும்பப் பார்க்கும் இல்லையா, அதுதான். இதற்கு டார்ஷன் பார் என்று பேர். பத்மினியில், அதாவது ஃபியட் 1100 வழி வந்த வண்டியில், முன்பக்கம் சுருள் ஸ்பிரிங். வேலை இரண்டுக்கும் ஒன்றே.

டார்ஷன் பாரைப் பற்றி ஊரில் உலவுகிற தவறான பேச்சு ஒன்று: “முன்னாடி தளர்ந்துட்டு, பாரை ரெண்டு பல்லு ஏத்தி டைட் பண்ணுங்க.” பாரின் முனையில் இருக்கும் பற்களை மாற்றிப் பொருத்தினால் வண்டியின் முன்பக்கம் உயரும். விறைப்பு கொஞ்சமும் ஏறாது. கம்பி அதே கம்பி, நீளம் அதே நீளம், தொடக்க இடம் மட்டும் மாறியிருக்கிறது. வண்டி கட்டியானது போலத் தோன்றினால் அதற்குக் காரணம் வேறு. உயர்த்திவிட்டதால் சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடம் சுருங்கிவிட்டது, பள்ளத்தில் சக்கரம் இறங்கி எல்லையில் போய் டங்கென்று நிற்கிறது. வேகத்தடையிலிருந்து இறங்கும்போது முன்பக்கம் அப்படி ஒரு சத்தம் கேட்டால், பெரும்பாலும் உயரத்தைச் சரிபார்க்க வேண்டிய நேரம்.

தடிமனான பார் போடலாமே என்று சிலர் கேட்பார்கள். இங்கே கணக்கு இன்னும் கடுமை. முறுக்குக் கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்மடிக் கணக்கில் ஏறும். விட்டம் பத்து சதவீதம் கூடினால் விறைப்பு 46 சதவீதம் கூடும். தெருவில் ஓட்டுகிற வண்டிக்கு அது தேவையே இல்லை என்பேன். இன்னும் இரண்டு விஷயம்: ஓடிப் பழகிய இடப்பக்கப் பாரை வலப்பக்கம் மாற்றிப் போடக் கூடாது, ஒரே திசையில் முறுக்கிப் பழகிய கம்பி எதிர்த்திசையில் முறிந்துபோகக்கூடும். கழற்றும்போது பைப் ரிஞ்சைக் கம்பிமேல் கடிக்கவிடவும் கூடாது. முறுக்கின் அழுத்தம் முழுக்கக் கம்பியின் மேல்தோலில்தான் இருக்கும், ஒரு கீறல் போதும் அங்கிருந்து வெடிப்பு தொடங்க.

ஆக, உயரம் என்பது ஸ்பிரிங் எங்கே தொடங்குகிறது என்பது. விறைப்பு என்பது ஸ்பிரிங் எதனால் ஆனது, எவ்வளவு தடிமன், எத்தனை பட்டை என்பது. உயரத்தை மாற்றினால் விறைப்பு மாறாது. பட்டை சேர்த்தால் இரண்டும் சேர்ந்து மாறும், அதுதான் தம்பிக்கு நடந்தது.

அடக்கம்: ஷாக்குக்குள் என்ன இருக்கிறது

பேங்கில், ஆஸ்பத்திரியில் கதவுக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும், கதவைத் திறந்துவிட்டால் தானாக மெல்ல வந்து மூடும். அந்தப் பெட்டிக்குள் ஒரு ஸ்பிரிங்கும் கொஞ்சம் எண்ணெயும் இருக்கின்றன. ஸ்பிரிங் கதவை இழுக்கிறது. எண்ணெய் ஒரு சின்னத் துவாரம் வழியே போக வேண்டியிருப்பதால் கதவு நிதானமாகிறது. எண்ணெய் ஒழுகிப்போன கதவு என்ன செய்யும்? படாரென்று அடிக்கும். ஸ்பிரிங் நன்றாகத்தான் இருக்கிறது, அடக்கம் போய்விட்டது.

காரின் ஷாக்கும் அதுவே. ஒரு குழாய், உள்ளே எண்ணெய், அதில் துவாரங்கள் உள்ள ஒரு பிஸ்டன். சக்கரம் ஏறி இறங்கும்போது பிஸ்டன் எண்ணெய்க்குள் போய்வரும், எண்ணெய் துவாரங்களில் நெருக்கித் தள்ளப்படும், அசைவு சூடாக மாறிக் காற்றில் போய்விடும். தண்ணீர்ப் பீச்சாங்குழலை மெல்லத் தள்ளினால் லேசாகப் போகும், வேகமாகத் தள்ளினால் கையை எதிர்க்கும். ஷாக்கும் வேகத்தைப் பார்த்துத்தான் எதிர்க்கும். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் அது எதையும் தாங்குவதில்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

நல்ல ஷாக் இரண்டு திசையிலும் ஒரே மாதிரி எதிர்க்காது. சக்கரம் மேலே ஏறும்போது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், இறங்கும்போது பிடித்து இறக்கும். ஏறும்போதே கெட்டியாகப் பிடித்தால் அடி நேராக வண்டிக்கு வந்துவிடும். அதனால்தான் “கட்டியான ஷாக்” என்று தேடிப் போவதில் எனக்குச் சம்மதமில்லை. இறங்கும்போது அளவுக்கு மீறிப் பிடித்தாலும் ஆபத்துத்தான். மாஞ்சோலைக்கு ஏறுகிற மாதிரிக் கரடுமுரடான பாதையில் கல்லுக்குப் பின் கல் வந்துகொண்டே இருக்கும். சக்கரம் முழுசாக இறங்குவதற்குள் அடுத்த கல் வந்து மறுபடி தூக்கும். இப்படியே வண்டி படிப்படியாகத் தாழ்ந்து, கடைசியில் ரப்பர் தடுப்பின்மேல் உட்கார்ந்துவிடும். ஸ்பிரிங் இருந்தும் இல்லாத கதைதான்.

கேஸ் ஷாக் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளே காற்று மெத்தை இருக்கிறது, அதனால்தான் சொகுசு என்று பலர் நம்புகிறார்கள். அதிலும் வேலை செய்வது எண்ணெய்தான். வேகமாக அடிபடும்போது எண்ணெய் நுரைத்துவிட்டால் துவாரத்தில் நுரைதான் போகும், எதிர்ப்பு இருக்காது. நுரைக்காமல் இருக்க உள்ளே நைட்ரஜன் வாயுவை அழுத்தி வைத்திருக்கிறார்கள். நீண்ட நேரம் மோசமான ரோட்டில் ஓட்டுபவருக்கு அது உண்மையிலேயே பயன்படும். ஊருக்குள் ஓட்டுபவருக்குச் சாதாரண எண்ணெய் ஷாக்கே போதும்.

ஷாக் செத்துவிட்டதா என்று பார்க்க மட்கார்டை அமுக்கி விட்டுவிட்டு, எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணுவார்கள். ஒரு தடவை எழும்பி அடங்கினால் நல்லது. ஆனால் துருப்பிடித்த பட்டை தானே ஆட்டத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், செத்த ஷாக்கும் இந்தச் சோதனையில் பாஸாகிவிடும். அதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. பத்து கிலோமீட்டர் கரடான ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து, நிறுத்தியதும் ஒவ்வொரு ஷாக்கையும் தொட்டுப் பாருங்கள், சைலன்சர் பக்கம் கை போகாமல். வேலை செய்த ஷாக் வெதுவெதுப்பாக இருக்கும். மற்றதெல்லாம் சூடாக இருக்கையில் ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அது சும்மா கூட வந்திருக்கிறது. தம்பியின் வண்டியில் பின்பக்கம் இரண்டுமே குளிர்ந்துகிடந்தன.

ரொம்பப் பழைய வண்டிகளில் குழாய் வடிவத்துக்குப் பதிலாக நெம்புகோல் வடிவ ஷாக் இருக்கும். மோரிஸ் மைனர் போன்றவற்றில் முன்பக்க ஷாக்கின் அந்தக் கையேதான் சக்கரத்தைப் பிடிக்கும் மேல் கையும். அப்படிப்பட்ட வண்டியில் குழாய் ஷாக் மாட்டினாலும் பழையதைக் கழற்றி எறிய முடியாது.

கால் நொடிக் கணக்கு

முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் போதாது. இரண்டும் ஒரே மேட்டில்தான் ஏறுகின்றன, ஆனால் ஒரே நேரத்தில் இல்லை. அம்பாசடரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2464 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர். 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முன் சக்கரம் மேட்டில் ஏறிக் கால் நொடி கழித்துத்தான் பின் சக்கரம் ஏறும். முன்பக்கம் ஏற்கெனவே ஆடத் தொடங்கிவிட்டது. பின்பக்கத்தின் தாளமும் அதே வேகம் என்றால், இரண்டும் மாறி மாறி ஏறி இறங்கி, வண்டி சீசா பலகை மாதிரி முன்னும் பின்னும் கவிழ்ந்து நிமிரும். வயிற்றைப் புரட்டுவது அந்த அசைவுதான்.

1930களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த மாரிஸ் ஓலி என்ற பொறியாளர் இதற்கு வழி சொன்னார்: பின்பக்கத் தாளத்தை முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக வை. பிந்தித் தொடங்கிய பின்பக்கம் ஓடிவந்து முன்பக்கத்தைப் பிடித்துவிடும், அதன்பிறகு வண்டி மட்டமாக ஏறி மட்டமாக இறங்கும். ‘கொஞ்சம்’ என்பதுதான் இதில் உயிர். முன்பக்கத்தைத் தடித்த பார் போட்டு விறைப்பாக்கி, பின்பக்கத்தை அப்படியே விட்டால் இந்தக் கணக்கு தலைகீழாகும். பின்பக்கத்தை ஒரேயடியாக விறைப்பாக்கினால் பின் சீட்டில் இருப்பவரைக் குதிரையில் ஏற்றியது போலாகும். வண்டியைச் செய்தவர்கள் இந்த இரண்டையும் பார்த்துத்தான் அளவு வைத்திருப்பார்கள். அந்த அளவுக்குத் திரும்பிப் போவதே பெரிய மேம்பாடு.

சக்கரத்தின் எடை

ஸ்பிரிங்குக்கு மேலே இருப்பதெல்லாம் ஒரு எடை, கீழே தொங்குவதெல்லாம் இன்னொரு எடை. சக்கரம், டயர், பிரேக் டிரம், பின்பக்கம் என்றால் முழு ஆக்சிலும் கீழே இருக்கும் எடையில் சேர்த்தி. கீழே இருப்பது கனமானால், மேட்டில் ஏறிய சக்கரம் சீக்கிரம் திரும்பித் தரைக்கு வராது. தரையில் இல்லாத டயருக்குப் பிரேக்கும் கிடையாது, ஸ்டீயரிங்கும் கிடையாது. அழகுக்காகப் பெரிய, கனமான வீல் மாட்டுவதால் கெடுவது இதுதான். டயரும் ஒரு ஸ்பிரிங் என்பதை மறக்க வேண்டாம். மைலேஜுக்காகக் காற்றை ஏற்றி வைத்துவிட்டு ஷாக்கைக் குறை சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் பங்கில் காற்றைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்த உடனே பழைய வண்டி ‘புதுசு மாதிரி’ ஓடிய கதை பொய் இல்லை.

வளைவில் சாய்வதை மட்டும் குறைக்க வேண்டும் என்றால் ஸ்டெபிலைசர் பார் என்று ஒன்று உண்டு. இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் இணைக்கும் ஒரு முறுக்குக் கம்பி. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் அது சும்மா சுழலும், ஒன்று ஏறி ஒன்று இறங்கினால்தான் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். அதனால் வேகத்தடையில் கெடுதல் செய்யாது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் உள்ள பள்ளத்தில் அதிர்வு மறுபக்கத்துக்கும் போகும். சாய்வு குறைந்தாலும் வளைவில் வெளிச் சக்கரத்துக்கு நகரும் எடை அநேகமாக அப்படியேதான் இருக்கும். பிடிமானம் கூடிவிட்டது என்று நம்பி வேகத்தை ஏற்ற வேண்டாம்.

யாரும் பார்க்காத புஷ்

திருநெல்வேலி ஈரடுக்கு மேம்பாலத்தில் போகும்போது ஒவ்வொரு இணைப்பிலும் தம்பியின் வண்டி “கட்டக், கட்டக்” என்றது. பட்டையும் இல்லை, ஷாக்கும் இல்லை, புஷ். இரும்பும் இரும்பும் சேருகிற மூட்டுகளில் வைக்கும் ரப்பர் வளையத்துக்குத்தான் புஷ் என்று பேர். நம் முழங்கால் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் குருத்தெலும்பு மாதிரி. அது தேய்ந்த வண்டியில் எவ்வளவு நல்ல ஷாக் போட்டாலும், ஷாக் வேலை தொடங்குவதற்குள் மூட்டு லொடக்கென்று ஆடிவிடும். ஸ்டீயரிங் திருப்பினால் வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்புகிற உணர்வும் பெரும்பாலும் இங்கிருந்துதான் வரும். விலை குறைந்த சாமான், மாற்றினால் கிடைக்கும் பலன் மற்ற எதைவிடவும் அதிகம்.

இதில் என் வண்டியிலேயே நடந்த ஒரு தவறைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு பட்டறையில் எல்லாப் புஷ்களையும் புதுசாகப் போட்டார்கள். ஆறே மாதத்தில் பாதி கிழிந்துவிட்டன. மட்டமான ரப்பர் என்று நினைத்து மறுபடி வாங்கினேன், மறுபடி கிழிந்தது. காரணம் ரப்பரில் இல்லை. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்குகிற நிலையிலேயே போல்ட்டுகளை இறுக்கியிருந்தார்கள். இந்த வகைப் புஷ் சுழலாது, முறுக்கித்தான் கொடுக்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதுமே ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். அதன்மேல் ஒவ்வொரு பள்ளமும் இன்னும் முறுக்கும். எனவே போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மாட்டி, வண்டியைச் சக்கரத்தின்மேல் இறக்கி, நாலு தடவை ஆட்டி உட்காரவைத்து, அப்புறம்தான் கடைசி இறுக்கு. குழியில் இறங்கியோ, சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றியோ செய்யலாம். பட்டறையில் பக்கத்தில் நின்று இதைக் கேட்டு வாங்குங்கள்.

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்றால், போடலாம், நீடிக்கும், ஸ்டீயரிங் கூர்மையாகும். ஆனால் சத்தமும் சின்ன அதிர்வும் உள்ளே வரும். அம்மாவை ஏற்றிப் போகிற வண்டிக்கு நான் ரப்பரைத்தான் சொல்வேன்.

எந்த வரிசையில் செய்வது

தம்பியின் வண்டியில் நாங்கள் செய்த வரிசை இது. முதலில் டயரும் காற்றும். அடுத்து புஷ், பால் ஜாயின்ட், ஸ்டீயரிங் மூட்டுகள், கூடவே பிரேக் முழுசாகப் பார்த்தோம், நன்றாக ஓடுகிற வண்டி நன்றாக நிற்கவும் வேண்டும். பிறகு கூடுதல் பட்டையைக் கழற்றி, மற்றவற்றுக்கு வளைவு கொடுத்துத் துரு எடுத்துக் கட்டினோம். பின்பக்கம் இரண்டு ஷாக்கும் சேர்த்து மாற்றினோம். ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுத்து ஆடும். முன்பக்க உயரத்தை இரண்டு பக்கமும் அளந்து சமன் செய்தோம். கடைசியாக அலைன்மென்ட். உயரம் மாறினால் சக்கரங்கள் பார்க்கும் திசையும் மாறும் என்பதால் அது கடைசியில்தான் வர வேண்டும். முன் சக்கரங்கள் இரண்டும் கொஞ்சம் உள்பக்கமாகப் பார்க்கின்றனவா வெளிப்பக்கமா என்பதை டோ என்பார்கள். அது தப்பினால் டயர் ஓரம் ரம்பம் மாதிரி தேயும்.

சட்டம் பற்றியும் தெரிந்துகொள்வது நல்லது. 1988ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தேய்ந்த ஷாக்குக்குப் புது ஷாக் போடுவது பராமரிப்பு. அடிச் சட்டத்தை வெட்டி வேறு வண்டியின் ஆக்சிலைச் சொருகுவது அப்படி இல்லை. 50 வயது தாண்டிய வண்டியை 2021இல் வந்த விதிகளின்படி வின்டேஜ் வண்டியாகப் பதிவு செய்ய நினைப்பவர்கள், அது மூல வடிவத்திலேயே இருக்க வேண்டும் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தை அமாவாசைக்கு அம்மாவைப் பாபநாசம் கூட்டிக்கொண்டு போய்வந்தான். மறுநாள் போனில், “அம்மா வழியிலேயே தூங்கிட்டா அண்ணாச்சி” என்றான். சந்தோஷம், ஆனால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்றேன். பட்டைகளையும் ஆக்சிலையும் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டுகள், புதுசாகக் கட்டிய பிறகு முதல் இருநூறு கிலோமீட்டரில் எப்படியும் கொஞ்சம் தளரும். பட்டைகள் உட்கார்ந்து, கிரீஸ் பிதுங்கி வெளியே வந்திருக்கும். அப்படியே விட்டால் நடுப் போல்ட் அறுந்து ஆக்சிலே நகரும். அன்று சாயங்காலமே ஸ்பேனர் வைத்துப் பார்த்தான். நாலு யூ போல்ட்டிலும் நட்டுகள் கால் சுற்று இறங்கின.